ஆய்வு முறையியல் வகுப்பைக் கதை விளையாட்டாக நடத்துவது எப்படி: ஏஐ துணையோடு படிப்படியாக

கருதுகோள் என்றால் என்ன, மாதிரி எடுப்பதில் எத்தனை வகை என்று கேட்டால் நம் மாணவர்கள் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். அதே மாணவர் ஆய்வேட்டுக்காகக் களத்தில் இறங்கியதும் யாரிடம் கேட்பது, எதை விடுவது, எப்போது போதும் என்று நிறுத்துவது எதுவும் புரியாமல் நிற்பார். முடிவெடுக்கும் பழக்கத்தை வகுப்பில் நாம் தருவதே இல்லை. கதை விளையாட்டு அதைத் தரும் என்பது என் அனுபவம்: மாணவர்கள் ஒரு கதைக்குள் ஆய்வாளர்களாக இறங்கி, கையிலுள்ள நாணயங்களுக்குச் சான்று வாங்கி, அதை வைத்து முடிவெடுப்பார்கள். கதையில் வரும் மனிதர்களைப் பேசவைக்க ஏஐ நன்றாகவே உதவுகிறது. ஆனால் இதை ஒரு கல்லூரிக்குள், நேர அட்டவணைக்குள், அனுமதிகளோடு செய்வது எப்படி என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் நான் திண்டாடினேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதுகலை, எம்.எட்., சமூகப்பணி, பிஎச்டி கோர்ஸ்வொர்க் என எந்த வகுப்புக்கும் இது பொருந்தும். கணினி நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. கற்பிக்க மூன்று முடிவுகளைத் தேர்ந்தெடுங்கள்

கதையை யோசிப்பதற்கு முன் பாடத்திட்டத்தை எடுத்து வையுங்கள். அதிலிருந்து மாணவர் எடுத்தே ஆக வேண்டிய மூன்று முடிவுகளை மட்டும் எழுதுங்கள். நான் வைத்துக்கொள்பவை இவை: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, என் கருதுகோளுக்கு, அதாவது நான் முதலில் வைத்த ஊகத்துக்கு, ஒத்துவராத சான்று கிடைத்தால் என்ன செய்வது.

மூன்றுக்கு மேல் போகாதீர்கள். ஐந்து அலகையும் ஒரே விளையாட்டில் திணித்தால் கதை பாடப்புத்தகம் ஆகிவிடும். கோட்பாடு, புள்ளியியல் சோதனை, மேற்கோள் முறை எல்லாம் வழக்கமான வகுப்பிலேயே இருக்கட்டும்.

புள்ளிகள், பேட்ஜ், தரவரிசைப் பலகை இவற்றைச் சேர்த்துவிட்டால் விளையாட்டு ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அவை இல்லாமலே நன்றாக நடத்தலாம். ஒவ்வொரு தேர்வுக்கும் மாணவர் ஏதோ ஒரு விலை கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். இதைக் கேட்டால் அதைக் கேட்க முடியாது என்ற நெருக்கடியில்தான் முறையியல் பிடிபடுகிறது.

2. ஆவணங்கள் உள்ள உண்மைச் சம்பவத்தை எடுங்கள்

கற்பனைக் கதையை ஏஐயிடம் எழுதச் சொல்வது சுலபம். ஆனால் அதில் சான்றுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். உண்மையான ஆய்வில் சான்று முரண்படும், பாதி காணாமல் போகும். அந்தக் கரடுமுரடு உண்மைச் சம்பவத்தில்தான் கிடைக்கும்.

முதல் முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் பிராட் தெருவைச் சுற்றிப் பரவிய காலரா. மருத்துவர் ஜான் ஸ்னோ 1855இல் வெளியிட்ட நூலில் தன் விசாரணையைப் படிப்படியாக எழுதியிருக்கிறார். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விளையாட்டுக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு.

ஆகஸ்ட் 31 இரவில் நோய் வெடிக்கிறது. தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகித்த ஸ்னோ இறப்புப் பதிவுகளை வாங்கிப் பார்க்கிறார். செப்டம்பர் 2 வரையான மூன்று நாட்களில் 83 இறப்புகள். அநேகமாக எல்லாமே பிராட் தெருவிலிருந்த பொதுத் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி. ஆனால் 10 இறப்புகள் வேறொரு பம்புக்குப் பக்கத்து வீடுகளில். விசாரித்தால் அதில் ஐந்து குடும்பங்கள் பிராட் தெருத் தண்ணீரையே வரவழைத்துக் குடித்தவை. இன்னும் மூன்று பேர் அந்தப் பம்புக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போன குழந்தைகள். மீதி 73 பேரில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்ததாகத் தகவல், ஆறு பேர் குடிக்கவில்லை என்று தகவல், ஆறு பேரைப் பற்றித் தகவலே இல்லை. கிடைக்காத தரவை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

விதிவிலக்குகள் இன்னும் அருமை. பம்புக்கு அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர், இறந்தவர்கள் ஐந்தே பேர். அங்கே தனிக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்கள் குடித்தது ஆலையின் பீர், தெருப் பம்பின் தண்ணீரை எடுத்ததே இல்லை என்றார் ஆலை உரிமையாளர். எதிர்ப்பக்கமும் உண்டு. சோஹோவிலிருந்து தள்ளியிருந்த, நோயே இல்லாத ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை இறக்கிறார். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய்த் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர்.

3. உண்மைத் தாள் தயாரியுங்கள், ஏஐயைத் திறக்கும் முன்பே

நான்கு பக்கத்துக்குள் ஒரு தாள்: தேதி, இடம், எண்ணிக்கை, யாருக்கு எது தெரியும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூலநூலின் பக்க எண் இருக்கட்டும். இதை நீங்களே படித்து எழுத வேண்டும். இந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ஏஐ பிரபலமான கதைகளை அவற்றின் பிரபலமான வடிவத்திலேயே சொல்லும். ஸ்னோ வரைபடம் வரைந்து பம்பைக் கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று சரளமாக எழுதித்தரும். இரண்டும் சரியில்லை. செப்டம்பர் 7 மாலை ஸ்னோ அந்தத் திருச்சபை வட்டார நிர்வாகக் குழுவைச் சந்தித்தார், மறுநாள் கைப்பிடி கழற்றப்பட்டது. வரைபடம் அதற்குப் பிறகு உருவானது. மக்கள் ஊரைவிட்டு ஓடியதால் கைப்பிடியைக் கழற்றும் முன்பே நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று ஸ்னோவே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

நோட்புக்எல்எம் போன்ற ஏஐ கருவியில் மூலநூலை ஏற்றிக் கேள்வி கேட்டால் தேடும் நேரம் மிச்சமாகும். பதிலோடு எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்றும் காட்டும். அந்தப் பத்தியைத் திறந்து படித்த பிறகே தாளில் சேருங்கள். ஏஐ தரும் மேற்கோள் நூல்களையும் கட்டுரைகளையும் ஒன்றுவிடாமல் நூலகத் தளத்திலோ டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) வைத்தோ சரிபாருங்கள். இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் கொடுப்பது அதற்குச் சகஜம்.

4. ஊர் பேரை மாற்றுங்கள்

இது பலருக்குத் தோன்றாத விஷயம். உண்மைப் பெயரோடு கொடுத்தால் மாணவர் ஒரே நிமிடத்தில் போனில் விடையைத் தேடி எடுத்துவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், ஏஐக்கே கதை தெரியும். பாத்திரமாகப் பேசும்போது தெரிந்ததைக் கசியவிடும்.

ஆகவே பிராட் தெருவை மணிக்கூண்டுத் தெரு ஆக்குங்கள். காலராவுக்குப் பெயர் வேண்டாம், 'வயிற்றைப் பிடித்த நோய்' போதும். ஸ்னோவின் பெயர் எங்கும் வரக்கூடாது. தேதிகளை முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணுங்கள். எட்டாம் நாள் மாலை நகரசபைக்கு அறிக்கை தர வேண்டும் என்பது கெடு. கடைசி வகுப்பில் உண்மைப் பெயர்களைச் சொல்லி, மூலநூலின் பக்கங்களைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

யாராவது முன்பே கண்டுபிடித்துவிட்டால் அவரை ஒதுக்க வேண்டாம். பதிவாளர் பொறுப்பைக் கொடுங்கள். இறப்புப் பட்டியலைக் குழுக்களுக்கு விற்பது அவர் வேலை (விலை அடுத்த படியில்).

5. விலைப்பட்டியல் போடுங்கள்

நான்கைந்து பேர் கொண்ட குழு ஒவ்வொன்றுக்கும் 12 நாணயம். நான் வைக்கும் விலைகள்: ஒரு குடும்பத்திடம் பேச 1, இறப்புப் பட்டியல் வாங்க 3, பீர் ஆலைக்குப் போக 2, ஏழையர் இல்லத்துக்குப் போக 2, தண்ணீரை நுண்ணோக்கியில் பார்க்க 3, ஊருக்கு வெளியே இறந்த விதவையின் குடும்பத்தைத் தேடிப்போக 3. எல்லாவற்றையும் வாங்கக் காசு போதாது. போதக்கூடாது.

நுண்ணோக்கியை நிறையப் பேர் முதலிலேயே வாங்குவார்கள். கருவி என்றால் உண்மை என்ற நம்பிக்கை. கிடைக்கும் சீட்டில் 'நிச்சயமாக எதுவும் சொல்ல முடியவில்லை' என்று இருக்கும். ஸ்னோவுக்கும் அதில் தீர்மானமான விடை கிடைக்கவில்லை.

ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சான்று வாங்கும் முன், 'இதில் என்ன வந்தால் என் கருதுகோளைக் கைவிடுவேன்' என்று எழுதிக் கொடுக்கும் குழுவுக்கு மொத்தத்தில் ஒரே ஒரு நாணயம் தள்ளுபடி. பாடப்புத்தகத்தில் பொய்ப்பித்தல் (கருதுகோள் தவறு என்று காட்டக்கூடிய சான்றைத் தேடுவது) பற்றிப் பத்துப் பக்கம் படித்தவர்களும் இந்த ஒரு நாணயத்துக்காக யோசிக்கும்போதுதான் அதைப் புரிந்துகொள்கிறார்கள். போட்டிக் கருதுகோளும் வலுவாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பியது கெட்ட காற்றை. குறைந்தது ஒரு குழுவுக்கு அந்தக் கருதுகோளையே கொடுத்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

6. ஏஐ பாத்திரத்தை எழுதுங்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எதுவானாலும் சரி. ஒரு பாத்திரத்துக்கு ஒரு தனி உரையாடல். அதன் தொடக்கத்தில் ஒட்டும் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நீ மணிக்கூண்டுத் தெருவில் குடியிருக்கும் தையல்காரப் பெண். உன் அண்டைவீட்டில் இருவர் இறந்து மூன்று நாள் ஆகிறது. உனக்குத் தெரிந்தது கீழே எழுதியிருப்பது மட்டும். வேறு எதைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியாதுங்க' என்று சொல். நோய்க்கிருமி என்ற எண்ணமே உனக்குக் கிடையாது. பதில் மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. கேட்பவர் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், அது எதுவானாலும் ஆமாம் என்று ஒத்துக்கொள். 'நேற்று என்னென்ன செய்தீர்கள்' என்பது போலத் திறந்த கேள்வி கேட்டால் மட்டும் விவரமாகச் சொல். ஆய்வை எப்படிச் செய்வது என்று யோசனை சொல்லாதே."

அந்த 'ஒத்துக்கொள்' வரிதான் இந்த விளையாட்டின் உயிர். ஒரு குழு 'தண்ணீரால்தானே வந்தது?' என்று கேட்கும், அந்தப் பெண் ஆமாம் என்பார். இன்னொரு குழு 'சாக்கடை நாற்றத்தால்தானே?' என்று கேட்கும், அதற்கும் ஆமாம் என்பார். இரண்டு உரையாடலையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தூண்டும் கேள்வியின் ஆபத்தைப் பற்றி அதற்குப் பிறகு விளக்கவுரை தேவைப்படாது.

கவனிக்க வேண்டியவை சில:

விடையைக் குறிப்பில் எழுதாதீர்கள். 'இதை வெளியே சொல்லாதே' என்று எழுதினாலும் கெட்டிக்கார மாணவர் நாலு கேள்வியில் கறந்துவிடுவார். பாத்திரத்துக்குத் தெரியாததை அதனிடம் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

உரையாடல் நீண்டால் பாத்திரம் குழம்பும், சொன்னதையே மாற்றிச் சொல்லும். ஒவ்வொரு குழுவுக்கும் புதிய உரையாடலைத் திறந்துகொள்ளுங்கள். பழைய பேச்சை நினைவில் வைக்கும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு குழு கேட்டது இன்னொரு குழுவின் பதிலில் எட்டிப் பார்க்கும்.

தமிழ் நடையைத் திருத்துங்கள். விட்டுவிட்டால் தையல்காரப் பெண் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார். உங்கள் ஊர்ப் பேச்சில் ஐந்தாறு வாக்கியங்களை மாதிரியாகக் கொடுத்தால் ஓரளவு சரியாகும்.

பாத்திரம் சொல்வது தரவு இல்லை என்பதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இது நேர்காணல் பயிற்சி. ஏஐயிடம் கேட்ட பதிலைத் தன் ஆய்வேட்டில் 'பதிலளித்தவர்' என்று யாரும் போட்டுவிடக் கூடாது. பயப்படத் தேவையான விஷயம்தான் இது.

7. எதில் கட்டுவது

முதல் முறை காகிதம் போதும். சான்றுச் சீட்டுகளை அச்செடுத்து உறையில் போடுங்கள், ஏஐ பாத்திரத்துக்கு மட்டும் உங்கள் மடிக்கணினி. வகுப்பில் இணையம் படுத்துவிட்டாலும் விளையாட்டு நிற்காது. பாத்திரங்களின் பதில்களில் பத்துப் பதினைந்தை முன்கூட்டியே அச்செடுத்து வைத்திருங்கள்.

அடுத்த கட்டம் கூகுள் ஃபார்ம்ஸ். பதிலைப் பொறுத்து வேறு பகுதிக்குப் போகும் வசதி அதிலேயே இருக்கிறது. யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தானாகப் பதிவாகும், ஒரு விரிதாளோடு இணைத்துவிட்டால் அதிலும் வந்து சேரும்.

கிளைவிடும் கதையாகவே செய்ய ஆசைப்பட்டால் ட்வைன் என்ற இலவச, திறமூலக் கருவி. ஒவ்வொரு காட்சியும் ஒரு பெட்டி, இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லைப் போட்டால் அடுத்த பெட்டிக்கு இணைப்பு. உலாவியில் திறந்து வேலை செய்தால் கதை அந்த உலாவியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். துறையின் ஆய்வகக் கணினியில் யாராவது உலாவித் தரவை அழித்தால் எல்லாம் போய்விடும். கணினியில் நிறுவும் பதிப்பையே பயன்படுத்துங்கள், தினமும் ஒரு காப்பு நகல் எடுங்கள். முடித்ததும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வெளிவரும். அதை வாட்ஸாப்பில் அனுப்பினால் சில போன்களில் சரியாகத் திறக்காது. ஏதாவது இலவசத் தளத்தில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்புங்கள். தமிழ் எழுத்துக்கு யூனிகோட் மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்த பழைய குறிப்புகளை ஒட்டினால் குப்பையாகத் தெரியும்.

8. அனுமதியும் ஒப்புதலும்

துறைத் தலைவரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த அலகு, எத்தனை மணி நேரம், எந்தக் கற்றல் விளைவு, அக மதிப்பீட்டில் எத்தனை மதிப்பெண். 'விளையாட்டு' என்று தலைப்பிடாமல் 'சூழல்வழிக் கற்றல் பயிற்சி' என்று எழுதினால் கையெழுத்து சீக்கிரம் விழும்.

மாணவர்களின் சொந்தப் பெயர், பதிவெண், கைபேசி எண் எதையும் ஏஐயில் தட்ட வேண்டாம். குழுவுக்கு நிறப் பெயர் வையுங்கள். மாணவர்கள் தங்கள் கணக்கில் நுழைய வேண்டிய கட்டாயம் வராதபடி உங்கள் கணக்கிலேயே பாத்திரங்களை இயக்குங்கள். இளங்கலை முதலாண்டில் 18 வயது நிறையாதவர்கள் இருப்பார்கள். அவர்களின் தகவலைக் கையாளப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று கல்லூரியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும்: வகுப்பு அனுபவத்தை வைத்துப் பின்னால் கட்டுரை எழுதும் எண்ணம் துளியாவது இருந்தால், தரவு சேகரிக்கும் முன்பே கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு அனுமதி பொதுவாகக் கிடைக்காது, நெறிமுறை அனுமதி எண் இல்லாமல் நல்ல இதழ்கள் பலவும் கட்டுரையை எடுக்காது. விண்ணப்பத்தோடு ஆய்வுத் திட்டம், மாணவர் ஒப்புதல் படிவம், முன்தேர்வு, பின்தேர்வு வினாத்தாள் இவை வேண்டும். பங்கேற்க மறுத்தால் மதிப்பெண் குறையாது என்ற வரி ஒப்புதல் படிவத்தில் கட்டாயம் இருக்கட்டும். குழு எப்போது கூடும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பருவம் தொடங்க இரண்டு மாதம் முன்பே விசாரித்துவிடுங்கள்.

9. வகுப்பை நடத்துவது

நான்கு வகுப்பு மணிகள் வேண்டும். முதல் மணியில் கதை, குழு, கருதுகோள். இரண்டாவதில் சான்று வாங்குவது, நேர்காணல். மூன்றாவதில் நகரசபை முன் அறிக்கை: கைப்பிடியைக் கழற்றலாமா, வேண்டாமா, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள். மற்ற குழுக்கள்தான் நகரசபை உறுப்பினர்கள், குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

நான்காவது மணியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். பெயர்களை வெளியிட்டு, ஸ்னோ தெற்கு லண்டனில் செய்ததை அப்போதுதான் காட்ட வேண்டும். ஒரே தெருக்களில் இரண்டு தண்ணீர் நிறுவனங்களின் குழாய்கள் ஓடின. லாம்பெத் நிறுவனம் 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியில் நகரச் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்கு மாற்றிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸால் மாற்றவில்லை. முந்தையதில் 26,107 வீடுகளுக்கு 98 இறப்பு, பிந்தையதில் 40,046 வீடுகளுக்கு 1,263. பத்தாயிரம் வீட்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 37.5, 315. இந்தக் கணக்கை மாணவர்களே போடட்டும். தங்கள் குழு 12 நாணயத்துக்கு வாங்கிய சான்றையும் இந்த ஒப்பீட்டையும் எதிரெதிரே வைத்துப் பேசச் சொல்லுங்கள். ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியாரையும் சொல்லுங்கள். ஸ்னோ சொன்னது தவறு என்று காட்டக் கிளம்பியவர், பிழைத்தவர்களிடமும் போய்க் கேட்டார், கடைசியில் அவரே ஏற்றுக்கொண்டார். இறந்தவர்களை மட்டும் விசாரித்தால் ஒப்பீடு கிடையாது என்பது அவரை வைத்துத்தான் வகுப்புக்கு விளங்கும்.

10. மதிப்பெண்

சரியான விடைக்கு மதிப்பெண் கிடையாது. கெட்ட காற்றுதான் காரணம் என்று முடித்த குழுவும் முழு மதிப்பெண் வாங்கலாம், வாங்கிய சான்றுக்கும் சொன்ன முடிவுக்கும் பொருத்தம் இருந்தால். குழுவுக்கு ஒரு முடிவேடு: என்ன வாங்கினோம், ஏன், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, எண்ணம் மாறியதா. மதிப்பீடு அதன் மேல்தான். ஏஐயை விட்டுத் திருத்தாதீர்கள். சரளமான நடைக்கு அது மயங்கும், தயங்கித் தயங்கி எழுதிய நேர்மையான பதிவைக் கீழே தள்ளும்.

11. செலவும் காலமும்

உண்மைத் தாளுக்கு ஒரு வாரம், பாத்திரம், விலைப்பட்டியல், சீட்டுகளுக்கு ஒரு வாரம், இரண்டு மூன்று சக ஆசிரியர்களோடு ஒத்திகை பார்த்துத் திருத்த இன்னொரு வாரம். ட்வைனில் செய்தால் மேலும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வுத்தாள் திருத்தும் பருவத்தில் தொடங்க வேண்டாம்.

பணச் செலவு பெரும்பாலும் ஜெராக்ஸ்தான். பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்றால் ஒரு வகுப்புக்குச் சில நூறு ரூபாயில் முடியும். உறைகளைத் திரும்ப வாங்கி வைத்தால் அடுத்த ஆண்டு அதுவும் இல்லை. ஏஐக்கு இலவசக் கணக்கு போதும், ஆனால் அதற்குத் தினசரி வரம்பு உண்டு. காலையில் சோதித்துப் பார்க்கிறேன் என்று வரம்பைத் தீர்த்துவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். இரண்டு வெவ்வேறு சேவைகளில் அதே குறிப்பை ஒட்டித் தயாராக வைத்திருந்தால் ஒன்று மறுத்தாலும் மற்றது பேசும். கட்டணச் சந்தா எடுத்தே ஆக வேண்டும் என்றால் வகுப்பு நடக்கும் ஒரே மாதத்துக்கு எடுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.